ரூட் கேனால் புரிதல் பிரிவு

அவர் ஒரு வெல்டர். பாதி எழும்பிய கட்டடங்களின் உச்சியில், இரும்பு உத்தரத்தின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு பற்றவைப்பதுதான் தினசரி வேலை. கீழே லாரிகள் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்தபடியே பொட்டலத்தைப் பிரித்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கண்ணயரவும் செய்வார். அப்படிப்பட்ட மனிதர் பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார்.

வலப்பக்கக் கடைவாய்ப் பல் முதலில் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசியது. பிறகு சூட்டுக்குக் கூசியது. பிறகு எதுவுமே இல்லாமல், சும்மா இருக்கும்போதே விண்விண்ணென்று தெறித்தது. வெல்டர் இடப்பக்கமாக மென்று, இடப்பக்கமாகப் பேசி, இடப்பக்கமாகவே சிரித்தும் பார்த்தார். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பினார்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாள் முழுக்கத் தலைக்கு மேல் மாட்டிய கண்ணாடியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

"எந்தப் புள்ள வாந்தி எடுக்கப் போகுதுன்னு கண்ணாடியப் பாத்தே சொல்லிடுவேன். என்கிட்டயே மறைக்கிறீங்களா?" என்றாள். "ஏறுங்க வண்டியில."

பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவர் பல் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். 

பெரிய மருத்துவமனை. வெளிநோயாளிப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் சின்ன இரும்புக் கம்பியால் அந்தப் பல்லை லேசாகத் தட்டினார். வெல்டர் துள்ளினார்.

"நரம்பு செத்துப்போச்சு. வேருக்குக் கீழ சீழ் கட்டியிருக்கு. புடுங்க வேண்டாம், ரூட் கேனால் பண்ணாக் காப்பாத்திடலாம். ஆனா தள்ளிப்போடாதீங்க, வீக்கம் கழுத்துக்கு எறங்குச்சுன்னா ஆபத்து."

"எப்பங்க பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பண்றது மேல ரெண்டாவது மாடியில. அதுக்கு முன்னாடி கீழ போய்ப் புரிஞ்சுக்கிட்டு வரணும்."

"நீங்க சொன்னது புரிஞ்சுதே."

"நான் சொன்னது இல்லம்மா. முறையாப் புரிஞ்சுக்கணும்."

இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பொரு காலத்தில் ஒரு நோயாளி சிகிச்சை பாதியில் இருக்கும்போது, வாயில் மாட்டிய ரப்பர் விரிப்போடு எழுந்து ஓடி, மாடிப்படியில் உருண்டுவிட்டார். விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். மாடிப்படியில் கைப்பிடி இல்லை என்பதைக் குழு கவனித்தது. ஆனால் அவர் விழுந்ததற்குக் காரணம் சிகிச்சையை அவர் புரிந்துகொள்ளாததே என்று ஒருமனதாக முடிவு செய்தது. அன்றைக்கே ரூட் கேனால் புரிதல் பிரிவு பிறந்தது. தரைத்தளம் முழுவதும் அதற்கே கொடுக்கப்பட்டது. குளிர்சாதனம், மெத்தை வைத்த இருக்கைகள், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினார்கள்: 'புரியாதவருக்குச் சிகிச்சை இல்லை.' மாடிப்படிக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை.

மனைவி அவரை அங்கே உட்காரவைத்தாள். "மத்தியானம் பிள்ளைகள எறக்கிட்டு வரேன். ஓடிப்போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெல்டர் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

புரிதல் அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் நீளமான குச்சி. பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்குங்க" என்றார் வெல்டர்.

"பயம் இருந்தா உங்களுக்குப் புரியாது. பயம் போனப்புறம்தான் புரிய வைக்க முடியும்."

வெல்டர் அவசரமாக, "அவ்வளவாப் பயம் இல்லீங்க" என்று திருத்திக்கொண்டார்.

"பயம் இல்லைன்னா, என்ன நடக்கப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுதான். வாங்க."

அழைத்துப்போன இடத்தில் ஒரு பல் நின்றது. ஓர் அறை அளவுக்குப் பெரிய பல். பிளாஸ்டர் மாவில் செய்து வெள்ளை அடித்திருந்தார்கள். பக்கவாட்டில் கதவு. நோயாளிகள் உள்ளே போய்த் தங்கள் பல்லின் நிலையை உணரவேண்டும் என்பது ஏற்பாடு. வெல்டர் குனிந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. 'பழகிக்கொள்வதற்காக' என்று சொல்லி, பல் துளைக்கும் மெஷினின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அது மேலிருந்து, தலைக்கு நேராக இறங்கிவருவதுபோல் கேட்டது. பிறகு கூரையிலிருந்து ஓர் உலக்கை அளவுக்கு இரும்புத் திருகு மெதுவாக இறங்கி, அவருடைய உச்சந்தலைக்குச் சற்று மேலே நின்றது.

வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உண்மையில அது தலைமுடி மாதிரி மெல்லிசாத்தான் இருக்கும்" என்றார் அலுவலர். "மக்களுக்கு நல்லாத் தெரியட்டும்னு பெருசாச் செஞ்சிருக்கோம்."

அடுத்தது அச்ச நீக்கக் கூடம். அங்கே ஓர் ஆலோசகி இருந்தார். தூளியில் கிடக்கும் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"எதுக்கும் பயப்படாதீங்க. என்னென்னதுக்குப் பயப்படக் கூடாதுன்னு நான் சொல்றேன். ஊசி போட்டும் சிலபேருக்கு மரத்துப்போகாது, அதுக்குப் பயப்படக் கூடாது. உள்ள விடுற கம்பி சில சமயம் ஒடைஞ்சு வேருக்குள்ளயே நின்னுடும், அதுக்கும் பயப்படக் கூடாது. கழுவுற மருந்து வேரத் தாண்டிக் கசிஞ்சா மூஞ்சி வீங்கும், அது ரொம்ப ரொம்ப அபூர்வம், அத நெனைக்கவே கூடாது. நெனைக்கிறீங்களா?"

"இப்பத்தாங்க நெனைக்கிறேன்."

"பாத்தீங்களா, பயம் உங்ககிட்டதான் இருக்கு. எங்ககிட்ட இல்ல."

அந்த நிமிடம்வரை வெல்டருக்கு ஊசி ஒன்றுதான் பயம். இப்போது கம்பி, மருந்து, வேர், வீக்கம் என்று பயம் கிளைவிட்டிருந்தது. ஆலோசகி அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். காலையில் வெளிநோயாளிப் பிரிவில் குறித்ததைவிட அதிகமாகத் துடிக்கிறது என்று சொல்லி, அவரை மறுபடி ஆரம்பத்திலிருந்து வரச் சொன்னார்.

மறுபடி என்பது மறுநாள். அதற்கும் மறுநாள் எதிர்பார்ப்பு வகுப்பு. நோயாளிகள் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைப் பற்றி அலுவலர் குச்சியோடு நின்று பாடம் எடுத்தார்.

"நீங்க என்ன எதிர்பார்க்குறீங்க?" என்று வெல்டரைப் பார்த்துக் கேட்டார்.

"வலி போகணும்."

"அது ஆசை. எதிர்பார்ப்புன்னா என்னன்னு கேட்டேன்."

வெல்டர் யோசித்தார். "எப்ப மேல அனுப்புவீங்க?"

"அது கேள்வி."

வெல்டருக்குப் பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற தபால்காரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடக் கன்னத்தில் ஒரு பந்தை அடக்கிக்கொண்டதுபோல் வீக்கம். புரிதல் பிரிவின் பழைய மாணவி. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கேள்வியில் தவறிவிடுவார். வீக்கத்தால் அவர் பேசுவது குழறியது.

"நீங்க எழ்ழன நாளா வழ்ழீங்க?" என்று வெல்டரிடம் விசாரித்தார்.

வெல்டருக்கு எதுவும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தார். அவருக்கும் தாடை இறுகிக்கொண்டே வந்தது. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. கன்னத்தின் வீக்கம் தாடையெலும்புக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கழுத்துக்கு இறங்கினால் என்று அந்த இளம் மருத்துவர் சொன்னது ஓயாமல் காதில் கேட்டது. சிகிச்சை நடந்தால் என்ன ஆகும் என்பது ஒரு பயம். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் மெத்தை இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியம் மனைவி வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அலுவலரிடம் போனாள்.

"சார், இவரு மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா? காய்ச்சல் அடிக்குது. சோறு எறங்கல."

அலுவலர் தொண்டையைச் செருமினார். "மூஞ்சி எங்க பிரிவுல வராதும்மா. நாங்க மனசு வரைக்குந்தான்."

"அப்ப மூஞ்சிய யாரு பாப்பாங்க?"

"மேல. ஆனா இவர் இன்னும் பக்குவப்படல. நாளைக்கு எங்க பிரிவோட ஆண்டு விழா. இயக்குநரே பேசுறாரு. அதக் கேட்டா நிறையப் பேருக்குத் தெளிஞ்சிடும்."

"தெளியலைன்னா?"

"அடுத்த ஆண்டும் விழா உண்டு."

 மனைவி வெளியே வந்து வேன் கதவை அடித்துச் சாத்தியதில் வாசல் காவலாளி எழுந்து நின்றார். வேகத்தடைகளில்கூட அவள் வேகம் குறைக்காதது வெல்டருக்கு இன்னும் பயமாக இருந்தது. வீட்டுக்கு அருகில் வந்தபோது, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதேயில்லை.

மறுநாள் விழா. மேடையில் காகிதப் பூ. கீழே வரிசை வரிசையாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள். கைதட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதால் எல்லோரையும் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கை கன்னத்தில் இருந்ததால் தொடையில் தட்டச் சொன்னார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். வாட்டசாட்டமானவர். பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தன.

"நண்பர்களே, மற்ற மருத்துவமனைகளில் ரூட் கேனால் சிகிச்சை சில சமயம் தோல்வி அடைகிறது. மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. சிலர் வலி என்கிறார்கள், சிலர் புகார் சொல்கிறார்கள். நம்மிடம் புகாரே இல்லை. புரிதல் பிரிவு வந்த பிறகு இந்த ஆண்டு நம்முடைய சிகிச்சைகளில் ஒன்றுகூடத் தோல்வி அடையவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் ஒவ்வொரு நோயாளியையும் முழுமையாகத் தயார்செய்யாமல் நாம் மேலே அனுப்புவதில்லை. முழுமை என்பது சாதாரண விஷயமா? இதுவரை யாரும் அதை எட்டவில்லை. எட்டிவிட்டால் நமக்கு என்ன வேலை? பாதியிலேயே வீட்டுக்குப் போனவர்கள் பலர். சிகிச்சையை அவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். இனி வேண்டாம் என்கிற அளவுக்குப் புரிந்துகொண்டார்கள்."

தொடைகள் தட்டப்பட்டன.

வெல்டருக்கு அந்தச் சத்தம் தாடைக்குள் இறங்கியது. கண் இருட்டியது. கழிப்பறையைத் தேடுகிறவர்போல் எழுந்தார். காவலாளி விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் கைப்பிடியில்லாத படிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உயரத்தில் ஆடாத கால்கள் ஆடின. ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பினால் இயக்குநரின் பேச்சு இருந்தது.

இரண்டாவது மாடியில் பழைய மேசைகள் அடுக்கிய நடை. அதன் கோடியில் ஒரு கதவு. உள்ளே சுத்தமான, வெளிச்சமான அறை. நடுவில் சாய்வு நாற்காலி. அதில் வெள்ளைக் கோட்டு போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவர் சாய்ந்து படுத்து, எலுமிச்சை நிற நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். வெல்டரைக் கண்டதும் பின்னல் ஊசி கீழே விழ எழுந்து நின்றார்.

"ஏசி ரிப்பேருக்கு வந்தீங்களா?"

வெல்டர் கன்னத்தைக் காட்டினார்.

"நோயாளியா?" அவர் நம்பாமல் ஒருமுறை நடையை எட்டிப் பார்த்தார். "கீழ புரிஞ்சுக்கிட்டாச்சா?"

"எனக்கு ஒண்ணும் புரியல டாக்டர்" என்றார் வெல்டர்.  "ரொம்ப வலிக்குது. ரொம்பப் பயமா இருக்கு."

 மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, ஸ்வெட்டரை அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"உக்காருங்க. உண்மையச் சொல்லிடுறேன், எனக்கும் கொஞ்சம் படபடப்பாத்தான் இருக்கு. ஆள் வந்து நாளாச்சு. ஆனா கை மறக்காது. வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன்."

முதலில் சின்னதாக ஓர் எக்ஸ்ரே எடுத்தார். பிறகு ஊசி. வெல்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குத்தியது, எரிந்தது, கண்ணோரம் தண்ணீர் வந்தது. பிறகு உதடு தடித்து, நாக்கு தடித்து, பாதி முகம் யாருடையதோ ஆகிவிட்டது. சீழ் இருக்கிற இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது என்று சொல்லி, பின்னால் தள்ளி இன்னொரு ஊசி போட்டார். காத்திருந்தார். அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் விரிப்பை மாட்டினார். மெஷின் சத்தம் கேட்டது.

வெல்டர் கையைத் தூக்கினார்.

சத்தம் நின்றது. "வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தார். நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்குத்தான் தூக்கியிருந்தார். மறுபடி சத்தம் கேட்டது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது. மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு வெல்டர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பயம் போய்விடவில்லை. அது ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பல்லின் நடுவில் சின்னக் குழி விழுந்ததும் நாற்றத்தோடு சீழ் வந்தது. கூடவே, இத்தனை நாளாகத் தாடையை முறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று பிடியை விட்டது. வெல்டர் பெருமூச்சு விட்டார். மருத்துவர் தலைமுடிபோன்ற கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேருக்குள் விட்டுச் சுத்தம்செய்து, மருந்தால் கழுவி, உள்ளே கொஞ்சம் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். வாய் திறந்தே இருந்ததில் தாடைமூட்டு வலித்ததைத் தவிர வேறு வலி இல்லை.

"ரெண்டு மூணு நாள் கடிச்சா வலி இருக்கும், பயப்படலாம், ஆனா அது சாதாரணம்தான். நான் எழுதித் தர்ற மாத்திரையப் பாதியில விடாதீங்க. வீக்கம் கூடுனாலோ, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தாலோ ஒடனே வந்துடுங்க. அடுத்த வாரம் வேர நிரந்தரமா அடைச்சிடுறேன். அப்புறம் பல்லு மேல தொப்பி மாதிரி ஒரு கேப் போடணும், இல்லைன்னா பல் ஒடைஞ்சிடும். அந்தப் பக்கமா மெல்லாதீங்க. அவ்வளவுதான்."

"அவ்வளழுதானா?" என்றார் வெல்டர்.

கீழே இறங்கியபோது விழா முடியும் கட்டம். 'புரிதல் பெற்ற நோயாளியின் உரை' என்று ஓர் அம்சம் மிச்சமிருந்தது. பேச யாரும் முன்வரவில்லை. படிக்கட்டிலிருந்து வந்த வெல்டரின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த அலுவலர், அவரைத் தோளில் கைபோட்டு மேடையேற்றிவிட்டார்.

வெல்டர் மைக்கின் முன் நின்றார். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பாதி வாய் மரத்திருந்தது. எச்சில் ஓரமாக வழிந்தது.

"மேழ... ழெண்ழாவது மாழி... கழேசி ழூம்... ழாக்டர் சும்மாதாழ் இழுக்காங்க... போங்க..."

இயக்குநர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கள், புரிதலின் உச்சத்தில் வார்த்தையே வரவில்லை" என்றார். தொடைகள் முழங்கின.

ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தபால்காரம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விளங்கியது. வீங்கிய கன்னத்தோடு அவரும் பல நாளாக அந்தப் பாஷையைத்தான் பேசிக்கொண்டிருந்தார். எழுந்தார். பையை எடுத்தார். படியை நோக்கி நடந்தார். கன்னம் வீங்கிய இன்னும் நாலைந்து பேரும் எழுந்து பின்னாலேயே போனார்கள். கைப்பிடி இல்லாததால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இயக்குநர் அதை இடைவேளை என்று அறிவித்தார்.

வாசலில் மனைவி காத்திருந்தாள். அவர் கோணிய வாயைக் கண்டதும் முகம் வெளுத்தது. "என்ன பண்ணிட்டாங்க?"

"பண்ணிழ்ழாங்க" என்றார் வெல்டர். வேனில் ஏறியதும் அவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பி அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

அடுத்த வாரம் வெல்டர் மறுபடி போனபோது வீக்கம் வடிந்திருந்தது. இரண்டாவது மாடி நடையில் பழைய மேசைகளை நகர்த்தி ஓரமாகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே, உள்ளே போகும் வழியைப் பாதி மறித்துக்கொண்டு, புது மேசை ஒன்று. 'புரிதல் பிரிவு, மேல்மாடிக் கிளை' என்று பலகை. பின்னால் அலுவலர், குச்சியோடு.

"புரிஞ்சுதா?" என்று அவர் ஒவ்வொருவரையும் கேட்டார்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். தடுப்பதற்கு விதி இருந்தது. ஆனால் எழுந்துபோய்த் தடுக்க வேண்டும். அலுவலர் எழவில்லை.

வெல்டரின் முறை வந்தது. அலுவலர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்தார். கிட்டத்தில் பார்க்கும்போதுதான் அவருடைய கன்னமும் ஒரு பக்கம் மினுமினுவென்று உப்பியிருப்பது தெரிந்தது.

"உண்மையச் சொல்லுங்க" என்றார் மெதுவாக. "வலிக்குமா?"

"ஊசி குத்தும்போது வலிக்கும். அப்புறம் இல்ல. தாங்க முடியலைன்னா கையத் தூக்குங்க, நிறுத்துவாங்க."

"நிறுத்துவாங்களா? அது எங்க பாடத்துல இல்லையே."

"உங்களுக்கு எத்தன நாளா?"

அலுவலர் செரும முயன்றார். அதுவே வலித்தது. "ரொம்ப நாளா. நான் கீழ அந்தப் பெரிய பல்லுக்குள்ள தினம் போய் விளக்கு போடுறவன். ஒவ்வொரு தடவையும் அந்தத் திருகு என் தலைக்கு மேலதான் எறங்குது. எனக்கு எப்படி தைரியம் வரும்?"

"என் முறைய நீங்க எடுத்துக்குங்க."

அலுவலர் எழுந்தார். குச்சியை மேசைமேல் வைத்தார். கதவுவரை போய், அங்கேயே நின்றுவிட்டார். வெல்டர் போய்க் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டார். அலுவலர் ஒரு குழந்தையைப்போல் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு உள்ளே போனார்.

வெல்டருக்கும் இன்னும் அடைப்பு வேலை மிச்சமிருந்தது.  பெஞ்சில் இடமில்லாததால் அலுவலரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். படியேறி வந்த ஒரு பெண், கன்னத்தில் துண்டை வைத்து அழுத்தியபடி, நேராக மேசைக்கு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"நீங்கதான் புரியவைக்கிறவரா?"

"இல்லீங்க" என்றார் வெல்டர். "அவரு உள்ள வாயத் தெறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பக்கத்துல ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்குங்க. அவர் வர்ற வரைக்கும் நாம பயந்துக்கிட்டு இருக்கலாம்."